அதே கால், பதினோராவது தடவை: பிரண்டுகொண்டே இருக்கும் கணுக்காலுக்கு என்ன வழி?

வலைமுன் | ஜூன் 8, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். வயசு 28, திண்டுக்கல் பக்கம். சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சா பள்ளிக்கூட மைதானத்துல வாலிபால், அதுதான் ஒரே பொழுதுபோக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி பிளாக்குக்கு எகிறி இறங்கும்போது எதிர் டீம் ஸ்மாஷரோட ஷூ மேல என் வலது கால் விழுந்துச்சு. 'டப்'புன்னு ஒரு சத்தம், எனக்கே கேட்டுச்சு. அரை மணி நேரத்துல கணுக்கால் கொய்யாக்காய் சைஸுக்கு வீங்கிடுச்சு. எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்புல ஒண்ணும் இல்ல, வெறும் சுளுக்குன்னு சொல்லி, கிரேப் பேண்டேஜ் சுத்தி, அஞ்சு நாள் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. மூணு வாரத்துல வீக்கம் வத்திடுச்சு. நாலாவது வாரம் கோர்ட்ல இறங்கிட்டேன்.

அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அதே கால் பதினோரு தடவை பிரண்டிருக்கு. கோர்ட்ல நாலு தடவைதான். மீதியெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, மண்டபத்துப் படியில, ரோட்டுல ஜல்லி மேல. போன வாரம் வாசல்ல கோலத்தை மிதிக்காம எட்டு வைக்கப் போய்ப் பிரண்டுச்சு. அம்மா பயந்தே போயிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நாள்ல வலி போயிடுது. இடைப்பட்ட நாள்ல வலின்னு பெருசா இல்ல. ஆனா கால் மேல நம்பிக்கையே இல்ல. இருட்டுல நடக்கும்போது தரையைப் பார்த்துக்கிட்டேதான் நடக்கறேன்.

ஒரு தெரிஞ்சவர் ஆபரேஷன் பண்ணிடுன்றார். இன்னொருத்தர் வாலிபாலை விட்டுடுன்றார். விடற மாதிரி இல்ல. யாருக்காவது இந்த அனுபவம் இருக்கா?

பிடி வாத்தியார் (ஓய்வு) | ஜூன் 8, இரவு 10:31

தம்பி, நாலாவது வாரம் இறங்கினியே, அங்கதான் கோட்டை விட்டுட்ட. 31 வருஷம் பசங்களுக்கு விசில் ஊதினவன் சொல்றேன். எங்க காலத்துல கால் பிரண்டா நேரா வைத்தியர்கிட்ட போவோம். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைச்சு, துணியில தடவி, மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுவார். ஒரு வாரத்துக்கு ஒரு கட்டு, மூணு கட்டு. அது காயற வரைக்கும் கால் அசையாது. இப்ப கிரேப் பேண்டேஜைச் சுத்தி அனுப்பிடறாங்க, அது சாயங்காலமே தளர்ந்துடும்.

அரைமண்டி | ஜூன் 8, இரவு 11:05

வாத்தியார் சார், எங்க பாட்டி இரட்டைப் பிள்ளை பெத்தவங்க. ஊர்ல பாதிப் பேரோட சுளுக்கு அவங்க கைக்குத்தான் வரும். விளக்கெண்ணெய் தடவி வழிச்சு விடுவாங்க. என் கணுக்காலையும் எத்தனையோ தடவை வழிச்சிருக்காங்க. சுகமா இருக்கும், தூக்கம் வரும். அடுத்த மாசம் மறுபடி பிரளும் :)

வலைமுன், நான் பரதம் ஆடறவ. இடது கால். குதித்துமெட்டு அடவு பண்ணும்போதுதான் முதல் தடவை போச்சு. உங்களுக்காவது ஷூ இருக்கு, எங்களுக்கு வெறும் கால், மேல சலங்கை வேற. ரெண்டு வருஷம் அவதிப்பட்டேன். இப்ப பரவாயில்ல. என்ன பண்ணேன்னு எழுதறேன். அதுக்கு முன்னாடி நம்ம கோவை பிசியோ வந்தா நல்லா இருக்கும், அவர் சொன்னா முழுசா சொல்வார்.

கோவை பிசியோ | ஜூன் 9, காலை 6:40

கூப்பிட்டதுக்கு நன்றிங்க அக்கா. கிளினிக் திறக்க இன்னும் நேரம் இருக்குங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன்.

வலைமுன், உங்க பதிவுல ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. கோர்ட்டை விட வாசல்லயும் படியிலயும்தான் அதிகமா பிரண்டிருக்கு. அப்புறம், இருட்டுல தரையைப் பார்த்தே நடக்கறீங்க. இந்த ரெண்டும் சேர்ந்து வந்தா அது 'அடிக்கடி சுளுக்கு' இல்லைங்க. ஒரே சுளுக்கு சரியா ஆறாம போனதோட மிச்சம். நாங்க இதை நாள்பட்ட கணுக்கால் தளர்வுன்னு சொல்வோம். முதல் அடி பட்டு ஒரு வருஷம் தாண்டியும் கால் நழுவிக்கிட்டே இருந்தா அந்தப் பேர் வரும். முதல் தடவை பிரண்டவங்கள்ல நூத்துக்கு இருபதுல இருந்து நாப்பது பேர் வரைக்கும் இதுல போய் நிக்கறாங்கன்னு கணக்கு. அதனால 'வெறும் சுளுக்கு'ன்னு யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

கணுக்காலுக்கு வெளிப்பக்கத்துல, எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டற மூணு ஜவ்வு. முன்னால ஒண்ணு, குதிகால் எலும்புக்குக் கீழிறங்கறது ஒண்ணு, பின்னால ஒண்ணு. முன்னால இருக்கறதுதான் பலம் கம்மி. பாதம் கீழ நீண்டு உள்பக்கம் திரும்பினா மொத்த இழுப்பும் அது மேலதான் விழும். உங்களுக்கு 'டப்'புன்னு கேட்டது பெரும்பாலும் அதுதான்.

மூட்டுக்குள்ள உக்கார்ற எலும்பு தாலஸ். அது முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேல தூக்கி வெச்சா அகலமான பக்கம் உள்ள போய் ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். முன்பாதத்துல ஊன்றும்போது குறுகின பக்கம்தான் உள்ள இருக்கும், அதனால கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நீங்க பிளாக் பண்ணிட்டு இறங்கறது, படி இறங்கறது, அக்காவோட குதித்துமெட்டு எல்லாமே முன்பாதத்துல இறங்கற வேலை. எலும்போட பிடிப்பு குறையற அந்த நேரத்துல ஜவ்வும் பக்கத்துத் தசையும்தான் தாங்கணும்.

ஜவ்வைக் கயிறுன்னு மட்டும் நினைச்சுத்தான் ரொம்ப நாள் வைத்தியம் நடந்துச்சு. 1965-ல இங்கிலாந்து எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் ஒண்ணு கவனிச்சார். ஜவ்வுக்குள்ள நரம்பு முனைகள் இருக்கு. பாதம் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குத் தகவல் அனுப்பறதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு. ஜவ்வு கிழியும்போது அந்தத் தகவலும் கெட்டுப் போகுதுன்னார். ஆடற பலகை மேல நிக்க வெச்சுப் பயிற்சி குடுத்தவங்களுக்கு கால் நழுவறது குறைஞ்சதுன்னும் காட்டினார். அவர் சொன்ன விளக்கத்துல பின்னாடி நிறைய திருத்தம் வந்துடுச்சு. இப்ப ஜவ்வோட தளர்வு, தசை தாமதமா வேலை செய்யறது, இடுப்புத் தசையோட பலவீனம், மனசுல இருக்கற பயம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்க்கறோம். ஆனா பலகை இன்னும் பலகையாவே இருக்கு.

இப்ப ஒரு சோதனை. சுவர் பக்கத்துல, கைக்கு எட்டற தூரத்துல நின்னுக்கோங்க. நல்ல காலை ஊன்றி ஒத்தைக்கால்ல நில்லுங்க, கண்ணை மூடுங்க, எத்தனை வினாடின்னு எண்ணுங்க. அப்புறம் வலது கால். வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீங்க. கணுக்காலோட தகவல் குறையும்போது மூளை கண்ணை நம்ப ஆரம்பிச்சுடும். உங்களுக்கு இருட்டுல பயம் வர்றது அதனாலதான்.

ஒன்பது கேள்வி உள்ள ஒரு மதிப்பெண் தாள் இருக்குங்க. கம்பர்லேண்ட் அளவுகோல்னு பேர், மொத்தம் 30 மார்க். 24-ம் அதுக்குக் கீழயும் வந்தா தளர்வுன்னு எடுத்துக்கலாம். பக்கத்துல இருக்கற பிசியோகிட்ட கேளுங்க, ரெண்டு காலுக்கும் போட்டுப் பார்ப்பாங்க.

மூட்டைக் கையில பிடிச்சுப் பார்க்கவும் வேணும். குதிகாலைப் பிடிச்சு முன்னால இழுத்துப் பார்த்தா முன் ஜவ்வு எவ்வளவு தளர்ந்திருக்குன்னு கைக்குத் தெரியும். எழுத்துல படிச்சு என்னால சொல்ல முடியாது.

கணக்கர் | ஜூன் 9, காலை 9:15

இவ்வளவு எதுக்கு சார்? ஒரு எம்ஆர்ஐ எடுத்தா கிழிஞ்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். கிழிஞ்சிருந்தா தைக்க வேண்டியதுதான்.

கோவை பிசியோ | ஜூன் 9, பிற்பகல் 1:50

சாப்பாட்டு இடைவேளைங்க, சுருக்கமா சொல்றேன். எம்ஆர்ஐல தெரியறது படுத்திருக்கற காலோட படம். ஜவ்வு கிழிஞ்சதுன்னு ரிப்போர்ட் வந்தும் கபடி ஆடிக்கிட்டிருக்கறவங்களை நான் பார்த்திருக்கேன். ஜவ்வு முழுசா இருந்தும் படி இறங்க பயப்படறவங்களும் உண்டு. எம்ஆர்ஐ வேண்டாம்னு சொல்லலை. மூட்டுக்குள்ள ஆழமா வலிச்சா, மடக்கும்போது மாட்டிக்கிட்ட மாதிரி இருந்தா, வெளிக்கணுவுக்குப் பின்னால நாண் (தசையை எலும்போட சேர்க்கற கயிறு) நழுவற மாதிரி 'சடக்'னு வந்தா கண்டிப்பா எடுக்கணும். தாலஸ் மேல இருக்கற குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம், நாண் கிழிஞ்சிருக்கலாம். வலைமுன்னுக்கு இடையில வலி இல்ல. அவருக்கு அவசரம் இல்ல.

பிடி வாத்தியார் (ஓய்வு) | ஜூன் 9, மாலை 5:20

அப்ப நாங்க போட்ட கட்டெல்லாம் வீணா? நேராவே கேக்கறேன்.

கோவை பிசியோ | ஜூன் 9, இரவு 8:45

வீண் இல்லைங்க சார். புது சுளுக்குக்கு அந்தக் கட்டு ரெண்டு நல்லது பண்ணுச்சு. காலை உள்பக்கம் திரும்ப விடலை. உங்க பசங்களை மூணு வாரம் கோர்ட் பக்கம் விடலை. இன்னிக்கு நாங்க கணுக்காலைத் தாங்க மாட்டற பிரேஸும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணுது.

என் சண்டை ரெண்டு விஷயத்துல. ஒண்ணு, அடிபட்ட முதல் வாரத்துல சொடக்கு எடுக்கறேன்னு காலை முறுக்கி இழுக்கறது. கிழிஞ்ச ஜவ்வை இன்னும் கிழிக்கற வேலை அது. அதுக்குள்ள எலும்பு உடைஞ்சிருந்தா கேக்கவே வேண்டாம். 1992-ல கனடாவோட ஒட்டாவாவுல இதுக்குன்னு விதி வகுத்தாங்க: அடிபட்டதும், அப்புறம் மருத்துவமனையிலயும் நாலு அடி ஊன்றி நடக்க முடியலைன்னா, இல்ல ரெண்டு கணு எலும்போட பின்விளிம்புலயோ நுனியிலயோ தொட்டா வலிச்சா, எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். பாதத்துல வலி இருந்தா சுண்டுவிரல் பக்கத்து எலும்போட அடிப்பாகத்தையும், உள்பாதத்து வளைவுக்கு மேல இருக்கற எலும்பையும் தொட்டுப் பார்க்கணும்.

ரெண்டாவது, கட்டைப் பிரிச்ச அன்னிக்கே 'சரியாப் போச்சு, ஓடு'ன்னு அனுப்பினது. எங்க ஆஸ்பத்திரிகள்லயும் அதேதான் நடக்குது, அதனால வைத்தியரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். வலி போனா ஆறிடுச்சுன்னு எல்லாரும் நினைக்கறோம். வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

பிடி வாத்தியார் (ஓய்வு) | ஜூன் 9, இரவு 9:02

சரி, ஒத்துக்கறேன். கட்டு பிரிச்ச அன்னிக்கே மேட்ச்சுக்கு அனுப்பினதும் நான்தான். மாவட்டப் போட்டி இருந்துச்சு.

குளிர்நாட்டான் | ஜூன் 10, காலை 7:30

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொண்டோவில இருக்கிறன். ஆபரேஷன் செய்த ஆள் எண்டபடியால் என்ர கதையையும் எழுதிவிடுறன்.

பனியில சறுக்கித்தான் முதல் பிரண்டது. பிறகு அஞ்சு வருசம், குளிர்காலம் வந்தாலே பயம். ஆறு மாதம் ஒழுங்கா பிசியோ செய்தனான், பொய் சொல்லேல்ல. கொஞ்சம் குறைஞ்சது, ஆனா நிக்கேல்ல. டொக்டர் கையால இழுத்துப் பாத்திட்டு மூட்டு நல்லாத் திறக்குது எண்டார். பிறகுதான் ஆபரேஷன். ப்ரோஸ்ட்ரோம் முறை எண்டு சொன்னவர். இழுபட்டுக் கிடந்த ஜவ்வை இறுக்கித் திரும்ப எலும்போட தைக்கிறது. மேலால பக்கத்தில இருக்கிற ஒரு பட்டைத் திசுவையும் இழுத்து வைச்சுத் தைப்பினம்.

ரெண்டு கிழமை கால் ஊண்டேல்ல. ஆறாம் கிழமை வரைக்கும் பெரிய பூட்ஸ். பிறகு திரும்பவும் அதே பிசியோ, அதே பலகை! சிரிப்பு வந்தது. அஞ்சாம் மாதம்தான் மெல்ல ஓடத் தொடங்கினனான். இப்ப மூண்டு வருசம், ஒருக்காலும் பிரளேல்ல. ஆனா பாதத்துக்கு மேல ஒரு சின்ன இடம் இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கு. அதை முதலே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினவை.

வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல. ஆபரேஷன் செய்தால் பயிற்சி செய்யத் தேவையில்லை எண்டு யாரும் நினைச்சால் அது பிழை.

கோவை பிசியோ | ஜூன் 10, காலை 8:10

அருமையா சொன்னீங்க. அந்த முறை ஸ்வீடன்ல லென்னார்ட் ப்ரோஸ்ட்ரோம் 1966-ல வெளியிட்டது. நீங்க சொன்ன பட்டையைச் சேர்த்துத் தைக்கறது 1980-ல நதானியல் கூல்ட் கொண்டு வந்த திருத்தம். அதுக்கு முன்னாடி வெளிப்பக்கத் தசையோட நாணையே வெட்டி எலும்புல ஓட்டை போட்டுக் கோத்துக் கட்டுவாங்க. பிரளாது, ஆனா பாதத்தைப் பாதுகாக்கற தசையையே காவு குடுத்த மாதிரி, மூட்டும் விறைச்சிடும். அதனால இப்ப அந்த வழிக்கு யாரும் முதல்ல போறதில்ல.

மூணுல இருந்து ஆறு மாசம் உண்மையாவே பயிற்சி பண்ணியும் நிக்கலைன்னா ஆபரேஷன் பத்திப் பேசலாம். பெரும்பாலானவங்களுக்கு நல்லாவே வரும். ஆனா உடம்பே இயல்பா வளையறவங்க, பாத வளைவு ரொம்ப உயரமா இருந்து குதிகால் உள்பக்கம் சாஞ்சவங்க, இவங்களுக்குத் தையல் மட்டும் தாங்காம போகலாம். தொடைக்குப் பின்னால இருந்து நாண் எடுத்து வைக்கறதோ, குதிகால் எலும்பை வெட்டி நேர் பண்றதோ தேவைப்படலாம்.

அரைமண்டி | ஜூன் 10, இரவு 10:20

அந்த 'இயல்பா வளையறவங்க'ல நானும் ஒருத்தி. கட்டைவிரல் மணிக்கட்டைத் தொடும், முழங்கை பின்னால வளையும். டான்ஸ்ல அதைப் பார்த்து எல்லாரும் ஆகான்னாங்க. டாக்டர்தான் முகத்தைச் சுளிச்சார். உனக்குத் தைச்சா மறுபடி இழுபடலாம், முதல்ல தசையை ஏத்துன்னுட்டார்.

நான் பண்ணது இதுதான். காலையில பல் தேய்க்கும்போது ஒத்தைக்கால். சிரிக்காதீங்க, காலைக்கும் ராத்திரிக்கும் சேர்த்து நாலு நிமிஷம் தானா கிடைச்சுடுது. ஒரு மாசம் கழிச்சுத் தலையணை மேல நின்னேன். அப்புறம் தலையணை மேல நின்னு ஹஸ்த முத்திரை. ரப்பர் பட்டையைக் கட்டிலோட காலுக்குக் கட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கறது. ஒத்தைக்கால்ல குதிகால் தூக்கறது: ஆரம்பத்துல நல்ல காலுக்கு 22, கெட்ட காலுக்கு 7.

பெரிய வித்தியாசம் வந்தது இடுப்புல இருந்து. ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்கறது, முழங்காலுக்கு மேல பட்டை போட்டுப் பக்கவாட்டுல நடக்கறது. கணுக்காலுக்கு எதுக்கு இடுப்புன்னு எனக்கும் புரியலை. கண்ணாடி முன்னாடி ஒத்தைக்கால் அரைமண்டி (முட்டியை மடக்கிப் பாதி உக்கார்ற நிலை) போட்டப்பதான் தெரிஞ்சுது: இடது பக்கம் இடுப்பு சரிஞ்சு, முட்டி உள்ள போய், பாதம் தத்தளிக்குது. பாதம் பாவம், மேல நடக்கற கூத்துக்கு அது என்ன பண்ணும்.

கணக்கர் | ஜூன் 11, காலை 10:05

அமெரிக்க கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி கதையும் இதுதானே? 2011-ல ஒரு ஆபரேஷன், 2012-ல ஒண்ணு, ரெண்டும் வலது கணுக்கால். 2011-12 சீசன்ல 26 மேட்ச்தான் ஆடினார். இவர் அவ்வளவுதான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. அப்புறம் இடுப்புக்கும் தொடைக்கும் பளு தூக்க வெச்சுத்தான் மாத்தினாங்கன்னு படிச்சேன். 2015, 2016 ரெண்டு வருஷமும் அந்த ஊர் கூடைப்பந்து லீக் என்பிஏவோட சிறந்த ஆட்டக்காரர். (ஆபரேஷன்தான் வழின்னு சொன்ன நானே இதை எழுதறேன், பாருங்க.)

கோவை பிசியோ | ஜூன் 11, இரவு 9:30

அவருக்கு ஆபரேஷன், பயிற்சி, பிரேஸ் மூணுமே நடந்துச்சு, ஒண்ணை மட்டும் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனாலும் நல்ல உதாரணம்.

இப்ப வலைமுன்னுக்கு. நெதர்லாந்துல 522 விளையாட்டு வீரர்களை வெச்சு ஒரு ஆய்வு, 2009-ல வந்துச்சு. எல்லாரும் புதுசா கால் பிரண்டவங்க. வழக்கமான வைத்தியத்தோட பாதிப் பேருக்கு மட்டும் வீட்டிலேயே பண்ற சமநிலைப் பயிற்சி குடுத்தாங்க. வாரத்துக்கு மூணு நாள், எட்டு வாரம், மேற்பார்வைக்கு யாரும் இல்ல. ஒரு வருஷத்துல மறுபடி பிரண்டது பயிற்சி பண்ணவங்கள்ல 22 சதவீதம், பண்ணாதவங்கள்ல 33. மாயம் எதுவும் இல்ல, ஆனா செலவு ஒரு பலகையோட விலைதான்.

அதே நாட்டுல 2014-ல இன்னொண்ணு வந்துச்சு. அதுதான் என் வாயை அடைச்சது. எட்டு வாரப் பயிற்சி பண்ணவங்கள்ல ஒரு வருஷத்துல 27 சதவீதம் பேருக்கு மறுபடி பிரண்டிருக்கு. விளையாடும்போதெல்லாம் ஒரு வருஷம் பிரேஸ் போட்டவங்கள்ல 15 சதவீதம்தான். அதுவரைக்கும் 'பிரேஸ் போட்டா தசை சோம்பேறியாயிடும்'னு நானே நோயாளிகள்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். தசை பலவீனமாகுதுன்னு காட்ட ஆதாரம் இல்லைங்க. சொன்னதுக்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

பிரேஸ்னா சாக்ஸ் மாதிரி மாட்டறது இல்ல. அது காலுக்குச் சூடு குடுக்கும், அவ்வளவுதான். ஷூலேஸ் மாதிரி கட்டி, பக்கவாட்டுல பட்டை இழுத்து ஒட்டறது வேணும். வெள்ளை டேப்பும் நல்லதுதான், ஆனா ஆட ஆரம்பிச்சு இருபது முப்பது நிமிஷத்துல தளர்ந்துடும்.

பயிற்சியில என் வரிசை இது: முதல் ரெண்டு வாரம் கெண்டைச்சதையை இளக்கணும். சுவரைப் பார்த்து நின்னு, குதிகாலைத் தூக்காம முட்டியால சுவரைத் தொடுங்க. கால் கட்டைவிரல் சுவர்ல இருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்குன்னு அளங்க. ரெண்டு காலுக்கும் ரெண்டு செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா அதைத்தான் முதல்ல சரி பண்ணணும். தாலஸ் பின்னால சரிய இடம் இல்லைன்னா எந்தப் பலகையும் உதவாது. கூடவே ரப்பர் பட்டை, குதிகால் தூக்கறது, அக்கா சொன்ன இடுப்பு வேலை. ஒத்தைக்கால்ல கண் திறந்து 30 வினாடி அசையாம நின்னா அடுத்து கண்ணை மூடி, அடுத்து தலையணை, அடுத்து ஒருத்தர் பந்து போட நீங்க பிடிக்கணும். ஆறாவது வாரத்துக்கு அப்புறம் தாவல்: முன்னால, பக்கவாட்டுல, எட்டு போட்டு. பக்கவாட்டுத் தாவல்ல பயம் போற வரைக்கும் பிளாக் பண்ணப் போகாதீங்க.

பிடி வாத்தியார் (ஓய்வு) | ஜூன் 11, இரவு 10:15

பிளாக்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இவன் கால் எதிராளி கால் மேல விழுந்துச்சு. அது வலைக்கடியில நடக்கறது. பாதத்துல ஒரு பகுதி நடுக்கோட்டு மேல இருந்தா மீதி எதிர்ப்பக்கம் போகலாம்னு விதி இருக்கு. அதனால ரெண்டு பேர் காலும் ஒரே இடத்துல இறங்குது. ஸ்மாஷ் பண்றவன் கடைசி அடியை நீளமா வெச்சு நேர் மேல எழும்பணும், முன்னால பாயக் கூடாது. நான் பசங்களுக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கயிறு போட்டு, அதைத் தொடாம இறங்கப் பழக்குவேன். காரணம் கேட்டா 'ஃபவுல் ஆயிடும்டா'ன்னு சொல்லியிருக்கேன். கணுக்காலுக்குன்னு அப்ப எனக்கே தெரியாது.

கோவை பிசியோ | ஜூன் 11, இரவு 10:40

சார், நார்வேல வாலிபால் வீரர்களுக்கு இதையேதான் பண்ணாங்க. இறங்கற முறையைப் பழக்கி, பலகைப் பயிற்சியும் குடுத்ததுல கணுக்கால் சுளுக்கு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. 1997-ல வெளிவந்த ஆய்வு. உங்க கயிறு அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும் போல!

பிடி வாத்தியார் (ஓய்வு) | ஜூன் 11, இரவு 10:44

1988-ல இருந்து. கிணத்துக் கயிறு.

வலைமுன் | ஜூன் 14, இரவு 9:10

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ஒரு பிசியோகிட்ட போயிட்டு வந்தேன். அந்த 30 மார்க் தாள்ல வலது காலுக்கு 14, இடதுக்கு 29. சுவர் சோதனையில இடது 11 செ.மீ., வலது 7. கண்ணை மூடி ஒத்தைக்கால்: இடது 24 வினாடி, வலது 5. மூட்டு கொஞ்சம் திறக்குதாம், ஆனா முதல்ல மூணு மாசம் பயிற்சின்னுட்டாங்க. பக்கத்துத் தச்சர்கிட்ட சொல்லி வட்டப் பலகைக்கு அடியில பாதி மரப்பந்து வெச்சு ஒண்ணு செஞ்சுக்கிட்டேன். அம்மா அதை ஆட்டுக்கல்லு மூடின்னு நினைச்சுக் கழுவி வெச்சுட்டாங்க.

ஒரு கேள்வி. ரத்தத்தை எடுத்துச் சுத்தி ஊசியா போடறாங்களாமே, அது போட்டா சீக்கிரம் ஆறுமா?

கோவை பிசியோ | ஜூன் 14, இரவு 9:48

பிஆர்பி ஊசி. உங்க பிரச்சினைக்கு அது வேலை செய்யும்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லைங்க. அந்தக் காசுல நல்ல பிரேஸ் ஒண்ணு வாங்கிட்டு மிச்சத்துல ஷூவும் வாங்கலாம்.

வலைமுன் | ஜூலை 20, இரவு 10:02

அஞ்சாவது வாரம். உண்மையைச் சொல்றேன், மூணாவது வாரத்துல விட்டுட்டேன். வலியே இல்ல, அப்புறம் எதுக்குன்னு தோணுச்சு. பத்து நாள் பலகை கட்டிலுக்கடியில கிடந்துச்சு. போன சனிக்கிழமை மழையில பைக்கை நிறுத்திக் காலை ஊன்றினேன், பிரண்டுச்சு. பன்னிரண்டு. மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்.

அரைமண்டி | ஜூலை 20, இரவு 10:30

நானும் ரெண்டு தடவை விட்டேன். பல் தேய்க்கறதோட சேர்த்துக்கோங்க, அதை விட முடியாது.

வலைமுன் | அக்டோபர் 19, இரவு 9:25

இழையை மேல கொண்டு வர்றேன், மன்னிக்கணும்.

நாலு மாசம் ஆச்சு. மார்க் 14-ல இருந்து 25. சுவர் சோதனை 10 செ.மீ. குதிகால் தூக்கறது ரெண்டு காலும் 20-ஐத் தாண்டுது. கண்ணை மூடினா 19 வினாடி, இடதை இன்னும் பிடிக்கலை. மூணு வாரமா ஆடறேன், கட்டற பிரேஸோட. முதல் நாள் பிளாக்குக்கு ஏறவே இல்ல, பின்னால நின்னு பாஸ் மட்டும் குடுத்தேன். பசங்க கிண்டல் பண்ணாங்க.

நேத்து மைதானத்துல ஒரு பள்ளம். பந்தைப் பார்த்துக்கிட்டே பின்னால போனேன், வலது கால் ஓரமா உள்ள இறங்கிடுச்சு. வழக்கமா அந்த நேரத்துல 'போச்சு'ன்னு மனசுல ஒரு வார்த்தை வரும். வார்த்தை வந்துச்சு, ஆனா கால் அதுக்குள்ள தானா நிமிர்ந்துடுச்சு. வெளிக்கெண்டை மட்டும் சுருக்குன்னு இழுத்துச்சு. ஆட்டத்தை நிறுத்தாம அடுத்த பந்தை எடுத்தேன். எடுத்த பந்து அவுட்டுதான்.

வாத்தியார் சார், கோட்டுக்கு இந்தப் பக்கம் கயிறு போட்டாச்சு. எல்லாரும் திட்டறாங்க.

பிடி வாத்தியார் (ஓய்வு) | அக்டோபர் 19, இரவு 9:40

திட்டட்டும். கயிறைக் கழட்டாத.

புதியவன்_தேனி | அக்டோபர் 21, இரவு 11:12

அண்ணே, இந்த இழை முழுசா படிக்கலை. இன்னிக்கு சாயங்காலம் கபடியில கால் பிரண்டுடுச்சு, நல்லா வீங்கியிருக்கு. வீட்டுல வழிச்சு விடக் கூட்டிட்டுப் போறேன்றாங்க. போகவா?

வலைமுன் | அக்டோபர் 21, இரவு 11:15

தம்பி, இப்ப யாரையும் முறுக்கி இழுக்க விடாதே. எழுந்து நில்லு. அந்தக் காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியுதா? அதை மட்டும் முதல்ல சொல்லு.